வெளிநாட்டு நாணயக் கணக்கு: சிறுதொழில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாலரிலோ யூரோவிலோ பணம் வாங்குகிற, அல்லது அந்த நாணயங்களில் பணம் கட்டுகிற சிறு நிறுவனங்களுக்காக இந்தப் பக்கம். எந்த நாட்டில் தொழில் நடத்தினாலும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் நாட்டுக்கே உரிய விதிகளை வங்கியிடமும் கணக்காளரிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நாணயக் கணக்கு என்றால் சரியாக என்ன?

சாதாரண நடப்புக் கணக்குதான். இருப்பு மட்டும் உள்ளூர்ப் பணத்தில் இல்லாமல் டாலர், யூரோ, பவுண்டு, யென் என்று வேறொரு நாணயத்தில் இருக்கும். வாடிக்கையாளர் 5,000 யூரோ அனுப்பினால் அது யூரோவாகவே வரவாகும். எப்போது மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது, மாற்றத்தான் வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் முடிவு. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பணம் உள்ளே நுழையும்போதே வங்கி தன் அன்றைய விகிதத்தில் மாற்றிவிடும். உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் மற்ற எல்லாச் சிரமமும்.

எனக்கு அது தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சின்னத் தொகை வருகிறது, வந்ததும் உள்ளூரிலேயே செலவாகிறது என்றால் தனிக் கணக்கு வெறும் மாதக் கட்டணம்தான். பேசாமல் இருக்கிற கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

வரவும் செலவும் ஒரே வெளிநாட்டு நாணயத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது உண்மையில் பலன் தரும். மாதம் 10,000 டாலர் வருகிறது, அதே அளவு டாலரை மூலப்பொருள் விற்பவருக்கோ சர்வர் வாடகைக்கோ கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளூர்க் கணக்கு மட்டும் இருந்தால் வரும்போது ஒரு முறை மாற்றம், போகும்போது ஒரு முறை மாற்றம். வங்கி ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் எடுத்தால் மாதம் 400 டாலர், வருஷத்துக்கு 4,800 டாலர் ஒன்றுமில்லாமல் போகும். டாலர் கணக்கு இருந்தால் அந்த மாற்றம் இரண்டுமே தேவையில்லை.

செலவு முழுக்க உள்ளூர்ப் பணத்தில் இருந்தாலும் வருகிற தொகை பெரிது என்றால் யோசிக்கலாம். பணம் டாலராகக் கையில் இருக்கும்போதுதான் நல்ல விகிதம் கொடுப்பவரைத் தேடிப்போக முடியும். கடந்த ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வெளிநாட்டு வரவு எவ்வளவு, அதே நாணயத்தில் செலவு எவ்வளவு என்று இரண்டு கூட்டல் போட்டுப் பாருங்கள். அந்த அரை மணி நேர வேலையிலேயே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும்.

கட்டணப் பட்டியலில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டியலில் இல்லாததை.

மாதக் கட்டணம், பணம் அனுப்பும் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இவையெல்லாம் அச்சடித்துக் கொடுக்கப்படும். பெரிய செலவு மாற்று விகிதத்துக்குள் இருக்கிறது, அது பட்டியலில் வராது. ‘கமிஷன் கிடையாது’ என்று விளம்பரம் செய்பவர்களை இந்த இடத்தில்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கமிஷன் இல்லாமல் இருக்கலாம்; லாபம் விகிதத்தில் இருக்கும்.

கணக்குப் போடுவது சுலபம். சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது இடைச்சந்தை விகிதம். இணையத்தில் தேடினால் பொதுவாக வருவது அதுதான். ஒரு யூரோ 1.1000 டாலர் என்று அது காட்டுகிற அதே நிமிஷத்தில் உங்கள் வங்கி 1.0750 கொடுக்கிறது என்று வையுங்கள். ஒரு யூரோவுக்கு 0.025 டாலர் இடைவெளி, சதவீதத்தில் சுமார் 2.27. நீங்கள் 20,000 யூரோ மாற்றினால் 500 டாலர் அங்கேயே போய்விட்டது. இதற்குப் பக்கத்தில் அனுப்பும் கட்டணம் 15 டாலரா 25 டாலரா என்று வங்கிகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

நேற்றைய சந்தை விகிதத்தோடு இன்றைய வங்கி விகிதத்தை ஒப்பிடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். விற்கும்போது ஒரு விகிதம், வாங்கும்போது ஒரு விகிதம் இருக்கும், இரண்டையும் கேளுங்கள். வார இறுதியில் சந்தை மூடியிருக்கும்போது மாற்றினால் சில நிறுவனங்கள் கூடுதலாக ஒரு சதவீதம் போல வைத்துக்கொள்வதும் உண்டு.

அப்புறம், விகிதம் பேரம் பேசக் கூடியது. பலருக்கு இது தெரிவதில்லை. மாதாமாதம் ஒழுங்காகத் தொகை வருகிறது என்று காட்டினால் கிளையில் இருப்பவர் தலைமையகத்தின் செலாவணிப் பிரிவில் பேசி சந்தை விகிதத்தோடு இருக்கும் இடைவெளியைக் குறைத்து வாங்கித்தர முடியும். கேட்காதவருக்குப் பலகையில் எழுதியிருக்கிற விகிதம்தான்.

10,000 டாலருக்கு இன்வாய்ஸ் போட்டேன். 9,957 தான் வந்தது. மீதி எங்கே போனது?

வழியில் போனது. ஸ்விஃப்ட் வழியாக வருகிற பணம் என்கிறோம், ஆனால் 1973-இல் தொடங்கிய ஸ்விஃப்ட் பணத்தை நகர்த்துவதில்லை. வங்கிகளுக்கிடையே செய்தியைத்தான் கொண்டுபோகிறது. உங்கள் வாடிக்கையாளரின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லையென்றால் நடுவில் ஒன்றோ இரண்டோ இடைநிலை வங்கிகள் வரும். அவை ஒவ்வொன்றும் தொகையிலிருந்தே தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். மேலே கேட்ட கணக்கில் இடைநிலை வங்கி 18 டாலரும், பெறுகிற வங்கி வரவுக் கட்டணமாக 25 டாலரும் எடுத்திருந்தால் 43 டாலர் குறைந்துவிடும்.

அனுப்புபவர் படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். ஓ.யு.ஆர். என்றால் செலவு முழுவதும் அனுப்புபவருடையது. எஸ்.எச்.ஏ. என்றால் அவரவர் வங்கிச் செலவு அவரவருக்கு, நடுவில் கழிவது பெறுபவர் தலையில். பி.இ.என். என்றால் எல்லாமே பெறுபவருக்கு. பெரும்பாலும் யாரும் தொடாமல் விட்டால் எஸ்.எச்.ஏ. தான் விழும். ‘வங்கிக் கட்டணங்கள் அனைத்தும் அனுப்புபவரைச் சேரும், ஓ.யு.ஆர். முறையில் அனுப்பவும்’ என்று இன்வாய்ஸிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் வங்கி தன் வரவுக் கட்டணத்தை எடுக்கக்கூடும், அது தனிக் கதை.

பணம் வரவே இல்லை, எங்கோ நிற்கிறது என்றால் அனுப்பியவரிடம் யு.இ.டி.ஆர். எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்விஃப்ட் பரிமாற்றத்துக்கும் உண்டாகிற 36 எழுத்து நீளமுள்ள அடையாளம் அது. அதைக் கொடுத்தால் எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கி பார்த்துச் சொல்ல முடியும். வெறுமனே ‘பணம் அனுப்பிவிட்டார்களாம், வரவில்லை’ என்றால் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

டாலர் கணக்கு என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கணக்கு வகையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் இடறுவது இங்கேதான்.

முதல் வகை, உங்கள் நாட்டு வங்கியில் டாலரில் ஒரு கணக்கு. திறப்பது எளிது, உங்களுக்குத் தெரிந்த கிளை, தெரிந்த மொழி. ஆனால் டாலர் உள்ளே வர ஸ்விஃப்ட்தான் வழி. அமெரிக்காவில் இருக்கும் சின்ன வாடிக்கையாளர் ஏ.சி.எச். என்ற அமெரிக்க உள்ளூர் வங்கிப் பரிமாற்ற முறையில் செலவில்லாமல் பணம் அனுப்பிப் பழகியவர். அவரிடம் ‘சர்வதேச வயர் போடுங்கள்’ என்றால் அவர் வங்கிக்குப் போக வேண்டியிருக்கலாம், கட்டணமும் கட்ட வேண்டும். 300 டாலர் இன்வாய்ஸுக்கு யார் அதைச் செய்வார்கள்?

இரண்டாவது, அந்த நாட்டிலேயே ஒரு வங்கிக் கணக்கு. அமெரிக்க டாலருக்கு அமெரிக்காவில், பவுண்டுக்கு பிரிட்டனில். எல்லா வசதியும் உண்டு, காசோலைகூட வாங்கலாம். ஆனால் அங்கே பதிவு செய்த நிறுவனமோ முகவரியோ கேட்பார்கள், நேரில் வரச் சொல்வதும் உண்டு. அந்த நாட்டில் நிஜமாகவே தொழில் விரிவடையும்போது இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வைஸ், பேயோனீர், ஏர்வாலெக்ஸ் போன்ற பல நாணயச் சேவைகள். இவை டாலருக்கு வங்கியைக் குறிக்கும் 9 இலக்க ரவுட்டிங் எண், பவுண்டுக்கு அதே வேலை செய்யும் 6 இலக்க சார்ட் கோடு, யூரோவுக்கு ஐபான் எனும் சர்வதேசக் கணக்கு எண் என்று ஒவ்வொரு நாணயத்துக்கும் அந்தந்த நாட்டு உள்ளூர் விவரங்களைத் தர முடியும். அனுப்புபவருக்கு அது உள்ளூர்ப் பரிமாற்றம், உங்களுக்கு வழிக் கழிவு இல்லை. யூரோவில் இதன் பலன் அதிகம். ஐரோப்பாவில் யூரோ பரிமாற்றங்களுக்கான செப்பா வலையமைப்புக்குள் சாதாரணப் பரிமாற்றமே அடுத்த வேலை நாளுக்குள் வந்துவிடும். உடனடிப் பரிமாற்றம் என்றால் பத்து விநாடி. யூரோ நாட்டு வங்கிகள் உடனடிப் பரிமாற்றத்தைப் பெறுவது 2025 ஜனவரியிலிருந்தும் அனுப்புவது அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் கட்டாயமாகிவிட்டது. அதற்குச் சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கவும் கூடாது.

மூன்றாவது வகையில் சில முடிச்சுகள் உண்டு. கொடுத்திருக்கும் டாலர் விவரம் ஏ.சி.எச்.சுக்கு மட்டும் வேலை செய்யலாம், ஸ்விஃப்ட் வந்தால் திரும்பிப் போகலாம். கணக்கு உங்கள் நிறுவனப் பெயரிலா சேவை நிறுவனத்தின் பெயரிலா என்பதையும் பாருங்கள். பெயர் பொருந்தாவிட்டால் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்திவைக்கும். ஐபான் லித்துவேனியாவின் நாட்டுக் குறியீட்டில் தொடங்குவதைப் பார்த்துவிட்டு ‘எங்கள் நாட்டு ஐபான் கொடுங்கள்’ என்று கேட்கும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி அப்படி மறுக்கக் கூடாது. ஆனால் பணம் தர வேண்டியவரோடு சட்டம் பேசிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

எங்கள் கருத்து: நிறைய சின்ன இன்வாய்ஸ்கள் என்றால் மூன்றாவது வகை, குறைவான எண்ணிக்கையில் பெரிய தொகைகள் என்றால் முதல் வகை. இரண்டும் கலந்து வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

அந்த ஆன்லைன் நிறுவனங்களில் பணம் பத்திரமாக இருக்குமா?

நல்ல கேள்வி, ஆனால் வங்கிகளைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி.

மின்பண உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கிகள் அல்ல. உங்கள் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் வேறொரு வங்கியில் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. அது நல்ல பாதுகாப்புதான், ஆனால் டெபாசிட் காப்பீடு அல்ல. நிறுவனம் விழுந்தால் பணம் கடைசியில் கிடைக்கலாம். அடுத்த வாரச் சம்பளத்துக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் சரிந்தபோது அதன் பிரிட்டன் கிளை நிறுவனத்தைக் கண்காணிப்பு அமைப்பு முடக்கியது. அந்த நிறுவனத்தை நம்பி இயங்கிய பல செயலிகளின் பயனர்கள் சில நாட்கள் தங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. 2024-இல் அமெரிக்காவில், செயலிகளையும் வங்கிகளையும் இணைத்துவந்த சினாப்ஸ் நிறுவனம் திவாலானபோது நிலைமை இன்னும் மோசம். யாருடைய பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்ற பதிவேடே சரியாக இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், கணக்கில் கோடிக்கணக்கான டாலர் துண்டு விழுந்தது.

வங்கி என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெபாசிட் காப்பீடு வெளிநாட்டு நாணயத்துக்குப் பொருந்துமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சிங்கப்பூரில் காப்பீடு சிங்கப்பூர் டாலர் டெபாசிட்டுக்கு மட்டும்தான். கனடாவில் 2020 ஏப்ரல் வரை வெளிநாட்டு நாணய டெபாசிட்டுக்குக் காப்பீடு இல்லாமல் இருந்து, அப்புறம்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரம்புக்குள் வெளிநாட்டு நாணயமும் அடங்கும். உங்கள் நாட்டில் எப்படி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடைமுறையில், ஆன்லைன் சேவையில் பணம் வந்து போகட்டும், குவிந்து கிடக்க வேண்டாம். சம்பளம், வரி, கடன் தவணை ஆகியவற்றுக்கான தொகை வங்கியில் இருக்கட்டும்.

எத்தனை நாணயத்தில் கணக்கு வைத்திருக்கலாம்?

வரவில் பெரும்பங்கு எதில் வருகிறதோ அந்த ஒன்றோ இரண்டோ போதும். ‘50 நாணயங்கள்’ என்று விளம்பரம் வந்தால், எத்தனையில் பணம் பெற முடியும், எத்தனையில் வெறுமனே இருப்பு வைக்கத்தான் முடியும் என்று கேளுங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் பொதுவாகப் பெரியதாக இருக்கும்.

வட்டி கிடைக்குமா?

நடப்புக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். வைப்பு நிதியாகப் போட்டால் அந்த நாணயத்தின் வட்டிச் சூழலைப் பொறுத்துக் கிடைக்கும். 2014 ஜூனிலிருந்து 2022 ஜூலை வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் டெபாசிட் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. அந்தக் காலத்தில் யூரோ இருப்பு அதிகமாக இருந்த நிறுவனங்களிடம் பல வங்கிகள் எதிர்மறை வட்டி என்று கட்டணமே வசூலித்தன. வட்டிக்காக ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

டாலரை மாற்றாமல் வைத்திருந்து, விலை ஏறும்போது மாற்றினால் லாபம்தானே?

ஏறினால் லாபம். இறங்கினால்?

தொழில் லாபத்தை நாணயச் சந்தையில் வைத்து விளையாடும் ஆசை இந்தக் கணக்கு திறந்த எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல் ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் பிடித்துவைத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் அந்தப் பிடியை விட்டது. சில நிமிஷங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. யூரோவில் வரவும் பிராங்கில் சம்பளமும் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அன்று காலை எழுந்தபோது இருந்த லாபம் மதியம் இல்லை. அவர்கள் யாரும் சூதாடவில்லை, வழக்கம்போல் தொழில்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு சாதாரண ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாணயத்திலேயே வரப்போகும் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ, இரண்டு மூன்று மாத அளவுக்கு, அதை விட்டுவையுங்கள். மிச்சத்தைக் குறிப்பிட்ட தேதிகளில் மாற்றிக்கொண்டே இருங்கள். பெரிய ஆர்டர், பணம் ஆறு மாதம் கழித்துத்தான் வரும் என்றால் முன்பேர ஒப்பந்தம் பற்றி வங்கியிடம் பேசலாம்: இன்று விகிதத்தைப் பூட்டிவிட்டு, பணம் வந்ததும் அந்த விகிதத்தில் மாற்றுவது. ஒன்றை மறக்க வேண்டாம். வாடிக்கையாளர் பணம் தராமல் போனாலும் அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். எந்தச் சேவையிலும் முன்பேர வசதி உண்டா, முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது கணக்கு திறக்கும் முன்பே கேட்க வேண்டிய விஷயம்.

சட்டப்படி இந்தக் கணக்கை வைத்திருக்கலாமா?

பல நாடுகளில் தாராளமாக வைத்திருக்கலாம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில் நிபந்தனைகள் இருக்கும். ஏற்றுமதி வருமானத்தை இத்தனை நாளுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும், வந்ததை இந்தத் தேதிக்குள் உள்ளூர்ப் பணமாக்க வேண்டும், வெளிநாட்டில் கணக்கு திறக்க முன்அனுமதி வேண்டும் என்று. இந்த விதிகள் அடிக்கடி மாறும். ‘என் நண்பர் வைத்திருக்கிறார்’ என்பது அனுமதி ஆகாது. ஆன்லைன் சேவை உங்களைப் பதிவு செய்ய விட்டது என்பதும் அனுமதி ஆகாது.

திறக்க என்னென்ன கேட்பார்கள்?

நிறுவனப் பதிவு, வரி எண், முகவரிச் சான்று, இயக்குநர்கள் அல்லது பங்குதாரர்களின் அடையாளம். பல நாடுகளில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவரை உண்மை உரிமையாளராகக் கருதி அவருடைய ஆவணங்களையும் தனியாகக் கேட்பார்கள். எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்று ஒரு சுய அறிவிப்புப் படிவமும் உண்டு. அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கச் சொல்லும் அமெரிக்காவின் ஃபாட்கா சட்டத்துக்கும், நாடுகள் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் சி.ஆர்.எஸ். ஏற்பாட்டுக்கும் அது தேவைப்படுகிறது.

எரிச்சல் தருவது அடுத்து வரும் கேள்விகள்தான். யார் பணம் அனுப்புவார்கள், எந்த நாட்டிலிருந்து, மாதம் எவ்வளவு, எதற்காக? வங்கி வம்புக்குக் கேட்கவில்லை. டாலர் எங்கே கைமாறினாலும் அது கடைசியில் ஏதாவதொரு அமெரிக்க வங்கியின் ஏட்டைத் தொட்டுத்தான் போகும் என்பதால் யாரோடு பணப் பரிமாற்றம் கூடாது என்று அமெரிக்கா வைத்திருக்கும் தடைப்பட்டியல் எல்லோரையும் பிடிக்கிறது. 2014-இல் பிரான்ஸின் பி.என்.பி. பரிபா வங்கி தடை மீறலுக்காக அமெரிக்காவுக்குச் சுமார் 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த வங்கிதான் கேள்வி கேட்காமல் இருக்கும்?

விண்ணப்பத்தோடு இரண்டு மூன்று பழைய இன்வாய்ஸ்கள், ஒரு ஒப்பந்தம், இணையதள முகவரி எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும். தொழில் விவரத்தில் ‘பொது வணிகம்’ என்று எழுதாதீர்கள். ‘மர பொம்மைகள் ஏற்றுமதி, வாடிக்கையாளர்கள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும்’ என்று எழுதுங்கள். பிற்பாடு எழுதியதற்கு மாறாக வேறொரு நாட்டிலிருந்து திடீரென்று பெரிய தொகை வந்தால் கணக்கு முடங்கும், அதனால் புது வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுவது நல்லது.

ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்கிறேன். எனக்கு என்ன கணக்கு?

முதலில் உங்கள் விற்பனைத் தளத்தின் பணம் வழங்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாங்குபவர் டாலரில் கட்டியிருந்தாலும் நீங்கள் உள்ளூர் வங்கிக் கணக்கு கொடுத்திருந்தால் தளமே தன் விகிதத்தில் மாற்றி அனுப்பிவிடும். மாற்றம் நடந்து முடிந்த பிறகு வங்கியில் டாலர் கணக்கு இருந்து பயனில்லை. டாலர் கணக்கு விவரம் கொடுத்தால் டாலராகவே அனுப்புமா, அந்தக் கணக்கு அமெரிக்காவில்தான் இருக்க வேண்டுமா என்று தளத்தின் உதவிப் பக்கத்தில் தேடுங்கள். சில தளங்கள் அமெரிக்க ரவுட்டிங் எண் இல்லாத டாலர் கணக்கை ஏற்பதில்லை. ஆக, இங்கே தளம் எதை ஏற்கும் என்பதுதான் உங்கள் கணக்கைத் தீர்மானிக்கும்.

அட்டை விஷயத்திலும் இதே கதை. வெளிநாட்டு மென்பொருள் சந்தாவை உள்ளூர் அட்டையில் கட்டினால் ஒவ்வொரு மாதமும் மாற்றுக் கட்டணம். டாலர் கணக்கோடு இணைந்த டெபிட் அட்டை கிடைத்தால் அது மிச்சம். பணம் கட்டும் இயந்திரமோ தளமோ ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா?’ என்று அன்போடு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அன்புக்கு விலை அதிகம்.

கணக்கு எழுதுவது சிக்கலாகுமா?

கொஞ்சம் ஆகும். இன்வாய்ஸ் போட்ட நாளில் ஒரு விகிதம், பணம் வந்த நாளில் ஒரு விகிதம், மாற்றிய நாளில் ஒரு விகிதம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.ஏ.எஸ். 21 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி, கணக்கு முடிக்கும் நாளில் கையிலிருக்கும் வெளிநாட்டு இருப்பை அன்றைய விகிதத்தில் மறுபடி மதிப்பிட்டு, வரும் வித்தியாசத்தை லாப நட்டத்தில் காட்ட வேண்டும். ஒரு டாலரைக்கூட மாற்றாமலே ஏட்டில் லாபமோ நட்டமோ வரும், பயப்பட வேண்டாம்.

கணக்குத் தேர்வில் இது எங்கே வருகிறது என்றால், ஸ்டேட்மென்ட் எந்த வடிவில் கிடைக்கும், உங்கள் கணக்கு மென்பொருளோடு நேராக இணையுமா, மாற்றிய ஒவ்வொரு முறையும் விகிதத்தோடு ரசீது தருவார்களா என்பதில். இன்னொரு சின்னச் சங்கதி: எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் கிடையாது. யென்னுக்கு தசமமே இல்லை. குவைத் தினாருக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று. இரண்டு மட்டும் தெரிந்த மென்பொருளில் இவை தொந்தரவு தரும்.

பணம் எந்த நாளில் வரும் என்று எப்படிக் கணிப்பது?

உங்கள் ஊர் விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, நாணயத்தின் விடுமுறையையும் பார்க்க வேண்டும். வங்கிகளுக்கிடையே யூரோவை நகர்த்தும் டார்கெட் அமைப்பு சனி ஞாயிறு தவிர வருஷத்தில் ஆறு நாள் மூடியிருக்கும்: ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. டாலருக்கு அமெரிக்க விடுமுறைகள். சவூதி ரியால் என்றால் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வழக்கமான நாணய மாற்றம் முடிய இரண்டு வேலை நாள் ஆகும் என்பதால் வியாழன் மாலை கொடுத்த உத்தரவு திங்களோ செவ்வாயோ போய்த்தான் முடியும். ஒவ்வொரு வங்கிக்கும் அன்றைய உத்தரவுக்கு ஒரு கடைசி நேரம் உண்டு, சிலவற்றில் அது மதியத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. சம்பள நாளை ஒட்டிப் பணம் மாற்றுபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டால்?

ஐபானில் நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புக்கானவை. ஒரு எண்ணை மாற்றி அடித்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடும். ஆனால் மோசடிக்காரன் கொடுத்த, முழுக்கச் சரியான ஐபானை அது பிடிக்காது. சிறு நிறுவனங்கள் ஏமாறுவது அங்கேதான். சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வரும், ‘எங்கள் வங்கி விவரம் மாறிவிட்டது’ என்று. முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறாக இருக்கும். யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதல் அனுப்பும் முன்பே பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று வங்கி காட்ட வேண்டும். நாடு விட்டு நாடு போகும் மற்றப் பரிமாற்றங்களில் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

விவரம் மாறியதாகச் சொன்னால் மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் ஃபோன் செய்து கேளுங்கள். கணக்கிலும் ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் இடமாக இருந்தாலும் சரி. சில சேவைகளில் இந்த வசதி உயர்ந்த கட்டணத் திட்டத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லை, அதற்குக் கொடுக்கலாம்.

இரண்டு மூன்றை ஷார்ட்லிஸ்ட் செய்துவிட்டேன். கடைசி முடிவு எப்படி எடுப்பது?

சோதித்துப் பாருங்கள். நம்பிக்கையான ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி அடுத்த இன்வாய்ஸைப் புதுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு அனுப்பினார், எவ்வளவு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று பாருங்கள். அதில் ஒரு பகுதியை மாற்றி, அந்த நிமிஷத்துச் சந்தை விகிதத்தோடு இடைவெளியைக் கணக்கிடுங்கள். ஒரு சின்னத் தொகையை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு கேள்வி எழுதி, பதில் சொல்வது மனிதரா, எத்தனை நேரத்தில் என்றும் பாருங்கள். கணக்கு முடங்கும் நாளில் உங்களுக்கு வேண்டியது அந்த மனிதர்தான்.

திருப்தி என்றால் இன்வாய்ஸ் படிவத்தில் விவரத்தை மாற்றுங்கள், பழைய கணக்கை மட்டும் உடனே மூட வேண்டாம். பழைய எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவராவது அதற்கே அனுப்புவார், மூடிய கணக்குக்குப் போன பணம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம், வழியில் கட்டணமும் கழியும். ஆறு மாதமாவது திறந்தே இருக்கட்டும். மூடும் முன் எல்லா ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பல வங்கிகளில் உள்ளேயே போக முடியாது.